மண்டையோட்டுக்கு நடு தேடிய வெங்கி

மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி வெங்கியோடு மார்க்கெட்டுக்கு மட்டும் போய்விடாதீர்கள். தேங்காய் வாங்குகிறவர்கள் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள், சுண்டிப் பார்ப்பார்கள். இவன் அதன் மூன்று கண்களையும் தன் பக்கம் திருப்பி, தன் ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலைச் செங்குத்தாக நிறுத்தி, நடு எங்கே என்று தேடுவான். ஒருநாள் கடையில் இருந்த அத்தனை தேங்காயையும் கோணல் என்று ஒதுக்கிவிட்டான். கடைக்காரர் மனம் வெறுத்து வாழைக்காய் வியாபாரத்துக்குப் போய்விட்டார். வாழைக்காயைக் கோணல் என்று யாரும் திருப்பிக் கொடுக்க முடியாதல்லவா?

இன்னொரு நாள் குர்லாவில் ரயில் மாறி செம்பூருக்குப் போகும்போது, எதிர் சீட்டு ஆசாமியின் முகத்தை இமைக்காமல் பார்த்தபடி இருந்திருக்கிறான். மோவாய் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று மனசுக்குள் அளவு. அந்த மனுஷர் இவனை டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்து, டிக்கெட் எடுக்கவில்லை என்று அழாத குறையாக ஒப்புக்கொண்டு, திலக் நகரில் தானாகவே இறங்கிப் போனாராம். நான் சொல்வதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று பிரிப்பதற்கு வெங்கியைத்தான் கோடு போடச் சொல்ல வேண்டும்.

ஆள் மோசமில்லை. இஞ்சினியரிங் படித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் தண்ணீர் பம்புகளுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தவன். பம்புக்கு நடு உண்டு. யார் அளந்தாலும் ஒரே இடத்தில் இருக்கும். அந்த நிம்மதியில் இளமை ஓடியது. பிறகு கம்பெனி குஜராத்துக்கு மாற, மாட்டுங்காவை விட்டுக் கிளம்ப மனசில்லாமல் இவன் பம்பிலிருந்து மண்டையோட்டுக்கு மாறினான். அன்றைக்குப் பிடித்தது சனி.

செம்பூரில் இவன் வேலை பார்க்கும் இடத்துக்கு, தாடை அறுவை செய்யும் டாக்டர்கள் நோயாளியின் சிடி ஸ்கேனை அனுப்புவார்கள். கம்ப்யூட்டர் அதைப் பல்லும் தாடையுமாக முழு மண்டையோடாக நிறுத்தும். முன்னால், பின்னால், மேலே, கீழே என்று எப்படி வேண்டுமானாலும் உருட்டிப் பார்க்கலாம். எந்த எலும்பை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று திரையில் நகர்த்திப் பார்த்து டாக்டருக்குக் காட்டுவது வெங்கியின் வேலை. ஆனால் நகர்த்துவதற்கு முன்னால் ஒன்று செய்தாக வேண்டும். இரண்டு புருவத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தகட்டைச் செருகி, மூக்கு, உதடு, மோவாய் வழியாகப் பின்மண்டை வரைக்கும் இறக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தகடு முகத்தை இடம், வலம் என்று பிரித்துவிடும். அதற்குப் பெயர் நடுத்தளம். எந்தக் கன்னம் பெரிது, மோவாய் எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது, மேல்தாடை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று எல்லாக் கணக்கும் அந்தத் தகட்டை வைத்துத்தான். தகடு கொஞ்சம் சாய்ந்தால் போதும், நல்ல தாடையை நொண்டி என்றும் நொண்டித் தாடையை நல்லது என்றும் கம்ப்யூட்டர் கூசாமல் சொல்லும்.

அந்தத் தகடு எங்கே இருக்கிறது என்று எந்த மண்டையோட்டிலும் எழுதியிருக்காது. வெங்கியாகப் போட வேண்டும். மூக்கின் வேரில் ஒரு புள்ளி, மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒரு சின்னக் குழி, முதுகுத்தண்டு உள்ளே நுழைகிற துவாரத்தின் முன்விளிம்பு, இந்த மூன்றையும் தொட்டு ஒரு தகடு நிறுத்தலாம். அல்லது மண்டையோட்டை அப்படியே இடம் வலமாகத் திருப்பிப் போட்டு, அசலின் மேல் நகலைப் பொருத்தி, இரண்டுக்கும் நடுவே வருவதை எடுத்துக்கொள்ளலாம். சமமான மண்டைக்கு இரண்டும் ஒரே விடை தரும். ஆனால் சமமான மண்டை உள்ளவன் எதற்கு இவனிடம் வருகிறான்?

இந்த வேலைக்குப் போன நாளிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. சுவரில் மாட்டிய சாமி படங்களைத் திருத்தினான், பொறுத்தார்கள். ஒருநாள் காலையில் மனைவி சுஷ்மா ஆபீசுக்குக் கிளம்பும்போது, பொட்டு ஒரு மில்லிமீட்டர் இடதுபக்கம் போயிருக்கிறது என்றான். சுஷ்மா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"பொட்டு நடுவுலதான் இருக்கு. புருவம்தான் ஒசந்திருக்கு. பண்ணி அனுப்பினவாளைப் போய்க் கேளுங்கோ."

இப்படியாகப்பட்ட வெங்கியிடம் லிசாவின் மண்டையோடு வந்து சேர்ந்தது.

லிசா தாராவியில் பிறந்து வளர்ந்தவள். திருநெல்வேலிக் குடும்பம். சயானில் ஒரு கூரியர் ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு. இடதுபக்கத் தாடை எலும்பு வளர்வதை நிறுத்த மறந்துபோய், மோவாயை வலப்பக்கம் தள்ளிக்கொண்டு போயிருந்தது. ஒரு பக்கம்தான் மெல்ல முடியும். சாயங்காலம் ஆனால் தலைவலி. ஆபரேஷன் செய்யப்போவது டாக்டர் சாதனா, செம்பூர்க்காரர், கெட்டிக்காரர், பொறுமை கிடையாது. நாள் குறித்தாயிற்று. அதற்கு முன்னால் வெங்கி திட்டத்தை முடித்து, அறுவையின்போது பற்களுக்கு நடுவே கடிக்க வைக்கிற பிளாஸ்டிக் அச்சைத் தயார் செய்து அனுப்ப வேண்டும். தாடை எங்கே போய் நிற்கும் என்பதை அந்த அச்சுதான் முடிவு செய்யும். அச்சு தப்பானால் முகம் தப்பு. அழித்து எழுதுகிற சமாசாரம் இல்லை.

வெங்கி மூன்று புள்ளித் தகட்டை நிறுத்தினான். மோவாய் நிறையவே வலது பக்கம், மேல்தாடையும் சாய்வு என்று வந்தது. மேல், கீழ் இரண்டு தாடையையும் அறுத்து நகர்த்த வேண்டும். சரி, திருப்பிப் போட்டும் பார்ப்போம் என்று பார்த்தான். கம்ப்யூட்டர் கோணல் தாடையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு இடத்தில் தகட்டை நட்டது. இதன்படி கோணல் பாதியாகக் குறைந்துவிட்டது. ஒரே மண்டை, இரண்டு நடு. வெங்கி மதியச் சாப்பாட்டுத் தயிர் சாதத்தைத் தொடாமல் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் சாதனாவிடம் கேட்டால், தெருவில் போகிறவர்கள் யாரும் அவளுடைய மண்டையோட்டு அடித்தளத்தைப் பார்க்கப்போவதில்லை, அவள் தலையை எப்படி வைத்துக்கொள்கிறாள் என்று பாருங்கள் என்றார். நோயாளியை இயல்பாக நிற்கவைத்து, பக்கத்தில் கொத்தனார் கட்டுகிற மாதிரி ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, படம் எடுக்க வேண்டும். அந்தச் செங்குத்துக் கயிற்றை வைத்து மண்டையோட்டை நிறுத்தினால் நடு தானாக வரும். டாக்டர்கள் வழக்கமாகச் செய்வதுதான். இயல்பாக நிற்பது ஒன்றுதான் பாக்கி.

லிசா அம்மாவோடு வந்தாள். அம்மா ஏஞ்சலம்மாள். கேமராவைப் பார்த்ததும் லிசா துணிக்கடை பொம்மை மாதிரி விறைத்துப்போனாள். ஏஞ்சலம்மாள் பாய்ந்து போய் மகளின் மோவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

"நேரா நில்லுட்டி. படம் எடுக்கைல கழுத்த வளைக்காத."

வெங்கி, அம்மா, தொடக்கூடாது என்றான். ஏஞ்சலம்மாள் கையை எடுத்தாள். அவன் கேமராப் பக்கம் திரும்பியதும் மறுபடி பிடித்தாள். இப்படி ஒரு இருபது படம். ஒவ்வொரு படத்திலும் லிசாவின் தலை ஒவ்வொரு திசையில். சிலவற்றில் ஏஞ்சலம்மாளின் வளையலும் இருந்தது. கடைசியில் ஏஞ்சலம்மாளை வெளியே நாற்காலியில் உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, கதவைச் சாத்தினான். அவள் கதவுக்கு வெளியிலிருந்தே நேரா நிக்காளா, நேரா நிக்காளா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெங்கிக்கு அப்போது ஒரு யோசனை உதித்தது. அவனுக்கு யோசனை உதிக்கிறபோதெல்லாம் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிடும். லிசாவிடம், நீ யோசிக்காமல் நிற்கிற இடம் எது என்று விசாரித்தான். சர்ச்சில் பாட்டுக்குழுவோடு கொயரில் நிற்பேன், சின்ன வயசிலிருந்து ஒரே இடம் என்றாள். அப்படியென்றால் கண்ணை மூடி கொயரில் நிற்பதாக நினைத்துக்கொள், பாட்டு ஆரம்பிக்கப் போகிறது, அதே மாதிரி நில் என்றான்.

மாயம் மாதிரி தோள் இறங்கியது. கழுத்து இளகியது. தலை ஒரு இடத்தில் போய் அமர்ந்தது, அசையவே இல்லை. மூன்று முறை எடுத்தான். மூன்றும் ஒன்று போல. வெங்கி வாயெல்லாம் பல்லாக அதை மண்டையோட்டோடு பொருத்தி, தூக்குக்குண்டுக் கயிற்றின்படி தகட்டை நிறுத்தினான். கோணல் கொஞ்சம்தான் என்று வந்தது. மேல்தாடையைத் தொடவே வேண்டாம், கீழ்த்தாடையைச் சற்று நகர்த்தினால் போதும். கண்குழிகள்தான் ஒரே மட்டத்தில் இல்லை. டாக்டர் சாதனா அதைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டார். ஊரில் பாதிப் பேருக்குக் கண் அப்படித்தான் இருக்கிறது என்று வெங்கி ரயில் அனுபவத்திலிருந்து பதில் சொன்னான். சின்ன ஆபரேஷனோடு போகிறதென்றால் யாருக்குக் கசக்கும்? டாக்டரும் சரி என்றுவிட்டார்.

அச்சு செய்யும் பிரிண்டரை ஓடவிடுவதற்கு முன் நோயாளியைக் கூப்பிட்டு, ஆபரேஷனுக்குப் பிறகு முகம் எப்படி இருக்கும் என்று திரையில் காட்டுவது அங்கே வழக்கம். லிசாவும் ஏஞ்சலம்மாளும் வந்தார்கள். வெங்கி மண்டையோட்டின் மேல் தோலைப் போர்த்தி, பழைய முகம் ஒரு பக்கம், புது முகம் ஒரு பக்கம் என்று வைத்தான். ஏஞ்சலம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், நம்ம பிள்ள சாடை அப்படியே இருக்கு. ஆபரேசன் பண்ணுன மாதிரியே தெரியல. இதத்தான் நான் கர்த்தர்ட்ட கேட்டேன்."

லிசா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடிக்கவில்லையா என்று வெங்கி கேட்டான். தலையாட்டினாள், ஆமாம் என்றா, இல்லை என்றா என்று தெரியவில்லை. இந்த வேலையில் இதுவரை எவரும் ஒரு கேள்விக்கு நேரான பதில் சொன்னதில்லை என்று வெங்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும் என்றான்.

"சார், நான் நிக்கிறது அப்படி இல்ல. ஒளியிறதுதான் அப்படி."

வெங்கிக்குப் புரியவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள். கொயரில் அவள் நிற்பது வரிசையின் கடைசியில், வலப்பக்கம் சுவர். கேட்டு வாங்கிய இடம் அது. கோணல் பக்கம் சுவருக்கு, நல்ல பக்கம் ஜனங்களுக்கு. போதாததற்குத் தலையைச் சற்றுச் சாய்த்தால் மோவாய் மூக்குக்கு நேர் கீழே வந்துவிடும். பள்ளிக்கூட நாளிலிருந்து அப்படியே பழகிவிட்டது. தலையைச் சாய்த்ததால்தான் மோவாய் நடுவுக்கு வந்து, கண் மட்டம் தவறியது. வெங்கி நட்ட தகடு அவள் மண்டையின் நடுவில் இல்லை, அவள் மறைப்பின் நடுவில் இருந்தது.

"அன்னிக்கே சொல்லப்படாதாம்மா?"

"நீங்கதான் கொயர்ல நிக்கிற மாதிரி நில்லுன்னீங்க. நின்னேன்."

வெங்கி நெற்றியில் அடித்துக்கொண்டான். உலகத்தில் அவள் மிகக் கவனமாக ஒளிந்துகொள்கிற இடம் ஒன்றே ஒன்று. அதைத் தேடிப் பிடித்து இயல்பு என்று பெயர் வைத்தது இவனுடைய சொந்த யோசனை. அந்த அச்சோடு ஆபரேஷன் நடந்திருந்தால், தலையைச் சாய்த்தால் மட்டும் நேராகத் தெரிகிற ஒரு முகத்தை நிரந்தரமாகச் செய்து கொடுத்திருப்பார்கள்.

டாக்டர் சாதனாவுக்குப் போன் போட்டான். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு ஒரு பெருமூச்சு. செம்பூரிலிருந்து தாதர் வரை கேட்டிருக்கும்.

"கண்ணு ரெண்டும் மட்டத்துல இல்லையேன்னு கேட்டேனே வெங்கி. என்ன சொன்னேள்? பாதி பம்பாய்க்கு அப்படித்தான்னேளே."

நேரில் வந்துவிட்டார். கண்ணாடி, கேமரா ஒன்றும் இல்லாமல், லிசாவைக் கண்ணை மூடிக்கொண்டு தலையை மேலும் கீழும் ஆட்டச் சொல்லி, மெல்ல மெல்ல ஆட்டத்தைக் குறைத்து, தானாக நிற்கிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். தலை நின்றது. அதே சாய்வில் நின்றது. பிறகு நடக்கவிட்டார். உட்காரவைத்தார். பேச்சுக் கொடுத்தார். எப்படிச் செய்தாலும் கடைசியில் கழுத்து அந்தச் சுவர் பக்கமே போய்ச் சேர்ந்தது. மறைப்பது கழுத்துக்கே பாடமாகிவிட்டது. லிசாவைக் கேட்டு அது நிற்கவில்லை. ஏஞ்சலம்மாள் இதற்குள் நாலு தடவை எழுந்து வந்து நேராக்கிவிட்டுப் போனாள். டாக்டரின் முகத்தில் அப்போது இருந்த கடுப்பை ஸ்கேன் எடுத்திருந்தால் எலும்பிலேயே தெரிந்திருக்கும்.

ஆக, தலையை நம்ப முடியாது. திருப்பிப் போட்ட கம்ப்யூட்டரும் கோணலைச் சேர்த்துக்கொண்டு சமாதானம் பேசுகிறது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு வெங்கியின் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழ்த்தாடையையும் மேல்தாடையையும் திரையிலிருந்து அழித்துவிடச் சொன்னார். மிச்சம் இருந்த மேல்மண்டையை மட்டும் திருப்பிப் போட்டுப் பொருத்தினார்கள். கண்குழி கண்குழியின் மேல் உட்கார்ந்தது, நெற்றி நெற்றியின் மேல். அந்த நடுவும் வெங்கி முதல் நாள் வைத்த மூன்று புள்ளி நடுவும் ஏறக்குறைய ஒட்டிப்போயின. இரண்டுக்கும் ஒரு நூலிழை வித்தியாசம். டாக்டர் அந்த இழைக்கு நடுவே விரலை வைத்து, இங்கேயே இருக்கட்டும் என்றார். மண்டையோட்டுக்கு நடு என்று ஒன்று கிடைப்பதில்லை, யாராவது ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டு வைக்கிறார்கள் என்பது வெங்கிக்கு அன்றைக்கு உறைத்தது. இதைச் சொல்ல இத்தனை வருஷம் எதற்கு என்று வீட்டில் சுஷ்மா கேட்டாளாம்.

ஆனால் புது நடுவின்படி இரண்டு தாடையையும் அறுக்க வேண்டும். பெரிய ஆபரேஷன். முகம் வீங்கும், உதடு மரத்துப்போகும், வாரக்கணக்கில் கஞ்சிதான். ஏஞ்சலம்மாள் பயந்துபோனாள். சின்னதிலேயே முடிக்கலாமே, பிள்ளை பார்க்க நல்லாத்தானே இருக்கிறாள், லேசாகச் சாய்ந்து நின்றால் என்ன குறைந்துபோகிறது என்று டாக்டரிடம் மன்றாடினாள். டாக்டர் லிசாவைப் பார்த்தார். வெங்கி இரண்டு திட்டத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு முகத்தையும் மெதுவாகச் சுழலவிட்டான். சின்னத் திட்டத்தின் முகம் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் அழகு, மறுபக்கம் திரும்பினால் பழைய கதை. பெரிய திட்டத்தின் முகம் எப்படித் திரும்பினாலும் ஒரே முகம்.

"எந்தப் பக்கம் நின்னாலும் நானா இருக்கணும்," என்று லிசா பெரியதைக் காட்டினாள். "எம்மா, கஞ்சி நீ காய்ச்சித் தரமாட்டியா?"

ஏஞ்சலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எத்தனை நாளைக்கு என்று டாக்டரிடம் கேட்டாள். அத்தோடு முடிந்தது.

பழைய திட்டம் குப்பைக்குப் போயிற்று, புதியதன் அச்சு பிரிண்டரில் ஏறியது. ஆபரேஷன் குறித்த நாளில் நடந்தது. அது முடிகிற வரைக்கும் வெங்கி எங்கள் கட்டடத்துப் படிக்கட்டில் ஏறியும் இறங்கியும் தேய்த்ததில் இரண்டு படி குறைந்துவிட்டது என்று வாட்ச்மேன் சொல்கிறான், நான் எண்ணிப் பார்க்கவில்லை.

வீக்கம் வடிந்து, கஞ்சி இட்லியாகி, இட்லி சோறானபின் லிசா மறுபடி ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தாள். வெங்கி புது மண்டையோட்டைத் திட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தான். பொருந்தியது. அவன் வாழ்க்கையில் இப்படிப் பொருந்திய விஷயங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. நிமிர்ந்து உட்கார்ந்து, பாராட்டுக்காக ஏஞ்சலம்மாளைப் பார்த்தான்.

அவள் மகளின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரிதான் சார். மூக்கு?"

மூக்குக்கு என்ன என்றான் வெங்கி.

"லேசா இடப்பக்கம் போகுதுல்லா. முன்ன நேராத்தான இருந்துச்சு. தாடைய இழுக்கைல அதையும் சேத்து இழுத்துட்டியளோ?"

இழுக்கவில்லை. மூக்கு பிறந்ததிலிருந்து அப்படித்தான் இருந்தது. மோவாய் இத்தனை வருஷம் எல்லோருடைய கண்ணையும் தன் பக்கம் வாங்கிக்கொண்டிருந்ததால் மூக்கை யாரும் கவனிக்கவில்லை. வெங்கி பழைய ஸ்கேனைத் திறந்தான், தகட்டை நிறுத்தினான், மூக்கு அன்றைக்கே இடதில் இருந்ததைப் பெரிதாக்கிக் காட்டினான். ஏஞ்சலம்மாள் பொறுமையாகப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் நீங்கள் என்னத்தையும் காட்டுவீர்கள் என்றாள். வெங்கி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். நடுத்தளம் என்றால் என்ன என்று சொல்லத் தொடங்கி, கண்ணாடித் தகடு வரைக்கும் வந்தபோது அவள் மூக்குக்கு எந்த டாக்டர் நல்லவர் என்று கேட்டாள். வெங்கி ஸ்கேனை மூடிவிட்டான்.

"எம்மா, மூக்கு மூச்சு விடுதுல்லா," என்று லிசா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வா, ட்ரெயினப் பிடிப்போம்."

அவர்கள் கீழே இறங்கித் தெருவுக்கு வந்ததை வெங்கி ஜன்னலிலிருந்து பார்த்தான். ஏஞ்சலம்மாள் மகளின் வலப்பக்கமாக வந்து ஒட்டிக்கொண்டாள், எதிரே வருகிறவர்களுக்கு அந்தக் கன்னம் தெரியாதபடி. இத்தனை வருஷமும் அப்படித்தான் நடந்திருப்பாள் போலிருக்கிறது. லிசா அம்மாவின் முழங்கையைப் பிடித்து மெல்லத் தன் இடப்பக்கத்துக்கு மாற்றிவிட்டு, ஆட்டோக்களுக்கு நடுவே ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள். ஏஞ்சலம்மாள் இந்தப் பக்கத்திலிருந்து மூக்கை இன்னும் நன்றாகப் பார்க்க முடிகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். தெருமுனை திரும்பும் வரை அவள் கை மூக்கையே காட்டிப் பேசிக்கொண்டு போனது.